எண்ணெயும் இழைமணியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற என்னை அழைத்த செயலாளர், "ஐயா, எங்களுக்கு விளங்கும்படி அறிவியல் ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். எதைச் சொல்வது என்று எண்ணிக்கொண்டே ஆரியசாலைச் சந்திப்பில் நடந்து வந்தேன். மாலை மூன்றரை மணி. தேநீர்க் கடையில் வாழைக்காய்ப் பஜ்ஜி கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த கடையில் நேந்திரங்காய் வறுவல். அப்பால் செக்கெண்ணெய் விற்கும் கடை. காற்றில் தேங்காய் எண்ணெயின் மணமும் நல்லெண்ணெயின் மணமும் கலந்து வந்தன. பேசவேண்டிய பொருள் தானே வந்து முன் நின்றது.

நம் முன்னோர் நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வந்து இங்கே குடியேறியவர்கள். ராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டில் வளர்த்த சாலைக் கடைத்தெரு பலருக்கு வாழ்வளித்தது. வரும்போது அவர்கள் தங்கள் மொழியையும், கோயில் வழக்கத்தையும், நல்லெண்ணெய்ப் பானையையும் உடன் கொண்டு வந்தனர். வந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் வரவேற்றது. அதனால் நம் வீடுகளில் இன்றும் ஒரு வழக்கு முடியாமல் இருக்கிறது. "நல்லெண்ணெயே நல்லது" என்பார் பாட்டியார். "இந்த ஊர் மண்ணுக்குத் தேங்காய் எண்ணெய்தான் ஒத்தது" என்பார் இங்கேயே பிறந்த மருமகள். "இரண்டும் வேண்டா, சூரியகாந்தி வாங்குங்கள்" என்பான் தொலைக்காட்சி பார்க்கும் பேரன். இவ்வழக்கிற்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதி வாய்ந்த நீதிபதி ஒருவர் உண்டு. அவர் நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் அமர்ந்திருக்கிறார். அவரிடம் போய்க் கேட்போம் என்பதே இன்றைய என் உரையின் நோக்கம்.

அதற்கு முன் என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். என் சிறிய தந்தையார் சாலையிலே பலசரக்குக் கடை வைத்திருந்தார். காலை ஏழு மணிக்குக் கல்லாப் பெட்டியின் முன் அமர்ந்தால் இரவு பத்து மணிக்குத்தான் எழுவார். பதினொரு மணிக்குத் தேநீரும் இரண்டு வடையும், நான்கு மணிக்கு வறுவலும் கடைக்கே வந்துவிடும். மது, புகை எதுவும் அறியாதவர். 1986ஆம் ஆண்டில், தம் 51ஆம் வயதில், கல்லாப் பெட்டியின் மேலேயே சாய்ந்தார். நெஞ்சடைப்பு. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில், "தேங்காய் எண்ணெய் கொன்றுவிட்டது" என்றனர். பதினாறு நாள் கழிந்ததும் எங்கள் வீட்டில் எண்ணெய் மாறியது. ஆனால் வாணலியில் மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி மறுநாளும் அதற்கு மறுநாளும் காய்ச்சும் வழக்கம் மாறவில்லை. நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் வழக்கமும் மாறவில்லை. நாங்கள் பாடம் படித்தோம். தவறான பாடத்தைப் படித்தோம். இதை நான் உணர்ந்துகொள்ளப் பல்லாண்டுகள் ஆயின.

இது எங்கள் குடும்பத்தின் துயரம் மட்டும் அன்று. 1993இல் வெளிவந்த ஆய்வொன்று, இத்திருவனந்தபுரம் மாவட்டத்தின் சிற்றூர்களிலேயே நூற்றுக்கு 7.4 பேருக்கு இதயக் குருதிக்குழாய் நோய் இருப்பதாகக் கண்டது. நகரத்து நோய் என்று கருதப்பட்டது வயற்காட்டிலும் வந்து நின்றது கண்டு மருத்துவ உலகம் திகைத்தது. ஆகவே நான் பேசப்போவது நம் ஒவ்வொருவர் வீட்டுச் செய்தி என்று கொள்ளுங்கள்.

இனி உயிரணுவுக்குள் செல்வோம்.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவிலும் அடுப்புகள் பல உள. 1898ஆம் ஆண்டில் கார்ல் பெண்டா என்னும் ஜெர்மானிய அறிஞர் அவற்றிற்கு மைட்டோகாண்டிரியா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'மைட்டோஸ்' என்றால் நூலிழை. 'காண்ட்ரோஸ்' என்றால் மணி. நுண்ணோக்கியில் சில இழைபோலவும் சில மணிபோலவும் தோன்றியமையால் இப்பெயர். தமிழில் இழைமணி என்கிறோம். பொருளும் ஓசையும் ஒருங்கே அமைந்த சொல் அது. ஓயாது துடிக்கும் இதயத்தில், தசை உயிரணு ஒன்றின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழைமணிகளே அடைத்துக்கொண்டுள்ளன.

இந்த அடுப்பில் எரிபொருள் இரண்டு. அரிசியும் கோதுமையும் தரும் சர்க்கரை ஒன்று. எண்ணெயும் நெய்யும் தரும் கொழுப்பமிலம் மற்றொன்று. எரிந்து வரும் ஆற்றல் ஏ.டி.பி. என்னும் பொருளாகச் சேமிக்கப்படுகிறது. உடம்பின் கடைத்தெருவில் செல்லுபடியாகும் நாணயம் அதுவே எனலாம். அந்நாணயத்தை உலகிற்குக் காட்டியவர்களுள் ஒருவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பதைப் பெருமையோடு நினைவுகூர வேண்டும். பீமாவரத்தில் பிறந்த எல்லப்பிரகடா சுப்பாராவ் 1929இல், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து இதனைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் தனியே கண்டறிந்தார்.

கொழுப்பமிலம் என்பது யாது? கரி அணுக்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதியாக உள்ள லாரிக் அமிலத்தில் 12 கரி அணுக்கள். பாமாயிலிலும் நெய்யிலும் மிகுந்துள்ள பால்மிட்டிக் அமிலத்தில் 16. இவ்விரண்டிலும் கண்ணிகள் எல்லாம் ஒற்றைப் பிணைப்பால் இறுகியவை. ஆதலின் இவற்றை நிறைவுற்ற கொழுப்பு என்கிறோம். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் நிரம்ப உள்ள ஒலியிக் அமிலத்தில் 18 கரி அணுக்களும் ஓர் இரட்டைப் பிணைப்பும் உண்டு. சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதியாகவும் நல்லெண்ணெயில் நூற்றுக்கு நாற்பது அளவிலும் உள்ள லினோலியிக் அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு இரண்டு. இந்த இரட்டைப் பிணைப்புதான் பின்னால் நம் கதையின் திருப்பம். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1904இல் ஃபிரான்ஸ் கினூப் என்னும் ஜெர்மானிய அறிஞர், உடல் இச்சங்கிலியை இரண்டிரண்டு கண்ணிகளாக வெட்டுகிறது என்று காட்டினார். பதினாறு கண்ணிச் சங்கிலிக்கு ஏழு வெட்டு, எட்டுத் துண்டு. பன்னிரண்டு கண்ணிக்கு ஐந்து வெட்டு, ஆறு துண்டு. இவ்வேலை நடக்கும் பட்டறை இழைமணியே என்பதை 1949ஆம் ஆண்டளவில் சிக்காகோவில் யூஜின் கென்னடியும் ஆல்பர்ட் லெனிங்கரும் நிறுவினர். ஒரு பால்மிட்டிக் அமில மூலக்கூறு முழுதும் எரிந்தால் 106 ஏ.டி.பி. கிடைக்கும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு தருவதோ 30 முதல் 32 வரையே. இதயம் தனக்கு வேண்டிய ஆற்றலில் பாதிக்கு மேல் கொழுப்பமிலத்திலிருந்தே பெறுகிறது. ஆகவே கொழுப்பு நமக்குப் பகையன்று. இதயத்தின் அன்றாட உணவே அதுதான். முதலில் இதனை மனத்தில் இருத்த வேண்டும்.

பகை எங்கே தோன்றுகிறது?

இழைமணி ஏ.டி.பி.யை உண்டாக்கும் முறையை 1961இல் பீட்டர் மிச்செல் என்னும் ஆங்கில அறிஞர் எடுத்துரைத்தார். முதலில் பலர் ஏற்கவில்லை. பின்னர் 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாபநாசத்தில் நீரைத் தேக்கி, விழச்செய்து, மின்சாரம் எடுப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுபோலவே எரிபொருளிலிருந்து வரும் எலெக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து ஒன்றிற்குக் கைமாறிச் செல்லும்போது, ஹைட்ரஜன் அயனிகள் சவ்வுக்கு அப்பால் தேக்கப்படுகின்றன. அவை மடை வழியே திரும்பி வரும்போது ஏ.டி.பி. பிறக்கிறது. கைமாறி வந்த எலெக்ட்ரான் இறுதியில் பிராணவாயுவோடு சேர்ந்து நீராகிறது. நாம் மூச்சு விடுவதெல்லாம் இதற்காகவே.

உடல் உழைக்கும்போது ஏ.டி.பி. செலவாகிறது, மடை திறந்திருக்கிறது, நீர் ஓடுகிறது. உடல் உழைக்காமல் இருக்கும்போதோ மடை அடைபடுகிறது. ஆயினும் மேலே மழை பெய்துகொண்டே இருந்தால் என்னாகும்? அணை நிரம்பும், கசியும். இழைமணியிலும் அவ்வாறே. எரிபொருள் வந்து குவிய, செலவு இல்லாதபோது எலெக்ட்ரான்கள் நெருக்கியடித்து நின்று, வழியிலேயே பிராணவாயுவின் மேல் தாவிவிடுகின்றன. அவ்வாறு அரைகுறையாக எலெக்ட்ரான் பெற்ற பிராணவாயுவுக்கு சூப்பர் ஆக்சைடு என்று பெயர். அடுப்பிலிருந்து தெறிக்கும் தீப்பொறி போன்றது அது. பட்ட இடத்தைச் சுடும்.

பொறி தெறிக்காத அடுப்பு இல்லை. ஆதலின் இயற்கை தண்ணீர்க் குடமும் வைத்திருக்கிறது. 1969இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும், சூப்பர் ஆக்சைடை அடக்கும் நொதி ஒன்று நம் உடலிலேயே இருப்பதைக் கண்டனர். அதற்குத் துணையாகக் குளுட்டாதயோன், வைட்டமின் ஈ முதலிய காவலர்கள் உளர். சிறு அளவில் தெறிக்கும் பொறி, காவலர்களை விழித்திருக்கச் செய்யும் அறிவிப்பாகவும் பயன்படுகிறது. பொறிகள் பெருகிக் காவலர்கள் திணறும் நிலையே நோயின் வாயில். 1985இல் ஹெல்முட் சீஸ் என்னும் அறிஞர் அந்நிலைக்கு இலக்கணம் வகுத்தார். அதை ஆக்சிஜனேற்ற நெருக்கடி என்று தமிழில் சொல்லலாம்.

என் சிறிய தந்தையாரின் நாளை இப்போது நினைத்துப் பாருங்கள். பதினைந்து மணி நேரம் மடை அடைபட்ட அணை. இரண்டு மணிக்கொருமுறை எண்ணெய் மழை!

இதில் அரிசிக்கும் பங்கு உண்டு. நீண்ட கொழுப்பமிலச் சங்கிலிகள் இழைமணிக்குள் நுழைய ஒரு வாயில் உண்டு. கார்னிட்டின் என்னும் பொருள் அங்கே படகோட்டியாக நின்று அக்கரை சேர்க்கிறது. மாவுப்பொருளை மிகுதியாக உண்டவுடன் இவ்வாயில் சாத்தப்படுகிறது என்பதை 1977இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் மெக்காரி, ஃபாஸ்டர் என்னும் இருவர் விளக்கினர். சோறு மலையாகக் குவிந்த இலையில் அப்பளமும் வடையும் சேர்ந்தால், சர்க்கரை முதலில் எரிகிறது. கொழுப்பு வெளியே காத்து நிற்கிறது. சாலைத் தெருவில் கிடங்கு நிரம்பியபின் வந்த சரக்கு நடைபாதையில் இறக்கப்படுவது போல, அது ஈரலிலும் தசையிலும் இறக்கப்படுகிறது. மெலிந்த உடம்பினருக்கும் ஈரலில் கொழுப்பு என்று மருத்துவர் சொல்லும்போது நாம் வியக்கிறோம். வியப்பதற்கு ஏதுமில்லை, சரக்கு நடைபாதையில் நிற்கிறது, அவ்வளவே.

அவ்வாறு தேங்கும் சரக்கில் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. 2003இல் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழக அறிஞர்கள் வளர்ப்பு உயிரணுக்களில் ஓர் ஆய்வு செய்தனர். பால்மிட்டிக் அமிலத்தை மட்டும் மிகுதியாகக் கொடுத்தபோது உயிரணுக்கள் மடிந்தன. அதனுடன் ஒலியிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது பிழைத்தன. ஒலியிக் அமிலம் உடனிருந்தால் மிகுதியான கொழுப்பு தீங்கற்ற சிறு துளிகளாகக் கட்டிவைக்கப்படுகிறது. இல்லையேல் அது வேறு பொருள்களாக மாறி இழைமணியையும் இன்சுலின் வேலையையும் கெடுக்கிறது. கண்ணாடிக் கிண்ணத்து உயிரணு முழு மனிதன் ஆகாது என்பது உண்மையே. எனினும் நிறைவுற்ற கொழுப்பை அளவிறந்து உண்ணாதீர் என்று மருத்துவர் சொல்வதன் உட்பொருள் இதில் ஓரளவு விளங்குகிறது.

"அப்படியானால் இரட்டைப் பிணைப்பு உள்ள எண்ணெய்தான் நல்லது, வழக்கு முடிந்தது" என்று பேரன் எழுந்து நிற்பான். தம்பி, சற்று உட்கார்!

இரட்டைப் பிணைப்புக்கு ஒரு குறையும் உண்டு. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே நிற்கும் ஹைட்ரஜன் அணுவைத் தீப்பொறி எளிதாகப் பறித்துவிடும். பறித்த இடத்தில் பிராணவாயு ஒட்டிக்கொள்ளும். அது பக்கத்துச் சங்கிலியிலிருந்து பறிக்கும். அது அதற்கடுத்ததிலிருந்து பறிக்கும். ஓலைக் குடிசை வரிசையில் பற்றிய நெருப்பைப் போல ஓடும். எண்ணெய்க் குடத்தில் இது நடந்தால் அதற்குக் காறல் என்று பெயர். நம் பாட்டிமார் மோந்து பார்த்தே சொல்லிவிடுவர். இழைமணியின் சவ்விலும் இதுவே நடக்கலாம். அச்சவ்விலுள்ள கார்டியோலிப்பின் என்னும் கொழுப்பு இதயத்தில் பெரும்பாலும் லினோலியிக் அமிலத்தால் ஆனது. பொறிகள் பெருகும்போது முதலில் சுடப்படுவனவற்றுள் அது ஒன்று. அது சிதைந்தால் அடுப்பே விரிசல் காண்கிறது. விரிந்த அடுப்பிலிருந்து பொறி மேலும் தெறிக்கிறது.

ஆக, நிறைவுற்றது எளிதில் காறாது. ஆனால் மிகுந்தால் அடைத்துக்கொள்ளும். நிறைவுறாதது உடலுக்குள் இணக்கமாக நடந்துகொள்ளும். ஆனால் நெருப்பிலும் வெயிலிலும் விரைவில் கெடும். இரு கட்சிக்கும் வழக்கில் பாதி நியாயம் இருக்கிறது.

தேங்காய் எண்ணெயைப் பற்றி நம் ஊரிலும் பக்கத்து ஊரிலும் நடந்த ஆய்வுகளைச் சொல்லாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இங்கே காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் துறையில் நெவின், ராஜமோகன் ஆகிய இருவரும் செய்த ஆய்வு 2004இல் வெளியாயிற்று. பச்சைத் தேங்காயிலிருந்து எடுத்த எண்ணெயையும், கொப்பரை எண்ணெயையும், கடலை எண்ணெயையும் எலிகளுக்கு ஊட்டி ஒப்பிட்டனர். பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊட்டிய எலிகளில் குருதிக் கொழுப்பு நன்னிலையில் இருந்தது; அதிலுள்ள நுண்பொருள்கள் ஆக்சிஜனேற்றத்தையும் தடுத்தன. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்து, குழந்தைகளுக்குத் தடவும் உருக்கெண்ணெயை இவ்வூர்த் தாய்மார் அறிவர். அதற்கு நெருங்கிய உறவு இது. ஆனால் எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேரும் என்று முடிவு கட்டிவிட முடியாது.

2016இல் கொச்சியிலிருந்து வேறோர் ஆய்வு வெளிவந்தது. இதய நோயுள்ள 200 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குத் தேங்காய் எண்ணெயும் மற்றவர்க்குச் சூரியகாந்தி எண்ணெயும் சமையலுக்குக் கொடுத்து ஈராண்டு கவனித்தனர். குருதிக் கொழுப்பிலும் நோயின் போக்கிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தேங்காய் எண்ணெய் அன்பர்கள் கைதட்டலாம். ஆனால் அவர்கள் அனைவரும் உரிய மருந்துகளை உட்கொண்டிருந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020இல் பல நாட்டு ஆய்வுகள் 16ஐத் திரட்டிப் பார்த்தபோது, பிற தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல். என்னும் தீய கொழுப்பை, நூறு மில்லிலிட்டர் குருதிக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயர்த்துவது தெரிந்தது. லாரிக் அமிலம் குறுஞ்சங்கிலி போல நேரே ஈரலுக்குச் சென்று எரிந்துவிடும் என்று விளம்பரம் செய்வோர் சொல்வதும் முழு உண்மை அன்று. அதன் பெரும்பகுதி நெடுஞ்சங்கிலியைப் போலவே குருதியில் கலக்கிறது.

எனவே தேங்காய் எண்ணெய் நஞ்சும் அன்று, அமுதமும் அன்று. இவ்வூரின் நல்ல உணவு. அளவோடு உண்ணத் தக்கது. குருதியில் கொழுப்பு மிகுந்தவர்கள் மருத்துவர் சொற்படி குறைத்துக்கொள்ள வேண்டியது. துக்க வீட்டில் நாங்கள் அதன்மேல் சுமத்திய கொலைப்பழி மிகை.

உண்மைக் குற்றவாளிகளுள் ஒருவர் இன்னும் வாணலியிலேயே இருக்கிறார். மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய்! காய்ச்சுந்தோறும் இரட்டைப் பிணைப்புகள் உடைகின்றன, ஆல்டிஹைடு முதலிய சுடுபொருள்கள் உண்டாகின்றன, எண்ணெய் தடித்துக் கறுக்கிறது, நுரைக்கிறது. அதில் பொரித்ததை உண்பவர், வெளியிலேயே மூட்டிய தீப்பொறியை உள்ளே அனுப்புகிறார். நாங்கள் அன்று வாங்கிய சூரியகாந்தி எண்ணெய், இவ்வகையில் எளிதில் கெடும் எண்ணெய்களுள் ஒன்று. அதைத்தான் மூன்று நாள் காய்ச்சினோம்! நல்லெண்ணெயில் எள்ளுக்கே உரிய காப்புப் பொருள்கள் இருப்பதால் அது சற்றுத் தாங்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 சூலை முதல் நாளிலிருந்து ஒரு விதியைச் செயற்படுத்தியது. எண்ணெயில் கெட்ட பொருள்களின் மொத்த அளவு நூற்றுக்கு 25ஐத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்பது விதி. அவ்வெண்ணெயைத் திரட்டி வண்டிகளுக்கு எரிபொருளாக்கும் திட்டமும் அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. வண்டி குடிக்க வேண்டியதை நாம் உண்ண வேண்டா என்பதே அதன் சாரம். வனஸ்பதி போன்றவற்றில் இருந்த மாறுபக்கக் கொழுப்பும் 2022 சனவரி முதல் நூற்றுக்கு 2க்கு மேல் இருத்தலாகாது என்று விதிக்கப்பட்டது.

"பொறியை அணைக்க வைட்டமின் மாத்திரை விழுங்கினால் போதாதா?" என்று கேட்பவர் உண்டு. அதையும் சோதித்தனர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஹோப் என்னும் பேராய்வில் 9,500 பேருக்கு மேல் பங்கேற்றனர். ஏறத்தாழ நாலரை ஆண்டு வைட்டமின் ஈ கொடுத்தும் மாரடைப்பும் இதய நோய்ச் சாவும் குறையவில்லை. பொறி தெறிக்கும் அடுப்பைச் சீர் செய்யாமல் சுவரில் தண்ணீர் தெளிப்பதால் பயன் என்ன? கீரையும், காயும், கனியும், பயறும் உணவாக வரும்போது தரும் காப்பை மாத்திரை தரவில்லை.

அடுப்பைச் சீர் செய்யும் வழியும் ஒன்று உண்டு. 1967இல், நான் முன்னர்க் குறிப்பிட்ட அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹொலோசி என்பார் எலிகளை நாள்தோறும் ஓடவிட்டுப் பழக்கினார். சில திங்களில் அவற்றின் தசையிலுள்ள இழைமணி நொதிகளின் ஆற்றல் ஏறத்தாழ இருமடங்காயிற்று. அடுப்புகள் பெருகினால் எரிபொருள் தேங்காது. மடை திறந்திருந்தால் அணை கசியாது. உடலை உழைக்கச் செய்தலே இழைமணிக்கு நாம் செய்யும் பணிவிடை. இதற்கு விலையில்லை, மருந்துச் சீட்டும் வேண்டா.

அன்பர்களே! உயிரணுவுக்குள் இருக்கும் நீதிபதியின் தீர்ப்பை இனிச் சுருக்கிச் சொல்கிறேன். அவர் எண்ணெயின் பெயரைக் கேட்பதில்லை; குலத்தையும் ஊரையும் கேட்பதில்லை. எவ்வளவு வந்தது, எத்தனை முறை காய்ந்து வந்தது, வந்ததை எரிக்க வேலை உண்டா என்னும் மூன்றை மட்டுமே கேட்கிறார்.

அளவைப் பற்றி ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நமக்குத் துணை செய்யும். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர்க்கு எண்ணெயும் நெய்யும் சேர்ந்து ஏறத்தாழ 27 கிராம் போதும். நால்வர் உள்ள வீட்டிற்குத் திங்களுக்கு மூன்றேகால் கிலோ; அதாவது ஏறத்தாழ மூன்றரை லிட்டர். இல்லத்தரசிகள் இன்றிரவே கணக்குப் பார்க்க வேண்டுகிறேன். இதைவிட இருமடங்கு வாங்கும் வீடுகள் நம் தெருவிலேயே இருக்கலாம். என் வீடும் ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தது.

எண்ணெய்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். தாளிதத்திற்கும் அவியலுக்கும் தேங்காய் எண்ணெய், தோசைக்கும் மிளகாய்ப்பொடிக்கும் நல்லெண்ணெய், பிறவற்றிற்குக் கடலை எண்ணெய் என்று வைத்துக்கொள்ளலாம். மாமியாரும் மருமகளும் ஒருங்கே வெல்லும் வழக்கு இது ஒன்றுதான்! சிறிய அளவில் வாங்கி, மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பொரிப்பதை நாள்தோறும் செய்யாமல் விழாநாளுக்கு என வையுங்கள். பொரித்து மிஞ்சியதை மீண்டும் பொரிக்கப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு எளிய வழி, குறைந்த எண்ணெயைச் சிறிய வாணலியில் ஊற்றுவதே. கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார்கள் மணிக்கொருமுறை எழுந்து கிடங்கு வரையேனும் நடந்து வாருங்கள். ஆரியசாலையிலிருந்து கிழக்கேகோட்டைக்கு ஆட்டோவுக்காகக் கைகாட்டாதீர்கள். பத்மநாபசாமியைக் கால்நடையாகவே சென்று கும்பிடுங்கள். நெஞ்சில் வலியோ, நடந்தால் மூச்சிரைப்போ கண்டால் வாயு என்று சொல்லிச் சுக்குக் கஷாயத்தோடு நிறுத்திவிடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். என் சிறிய தந்தையார் அந்த வலியை இரண்டு வாரம் வாயு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள பத்துக் குறட்பாக்களில் பாதிக்கு மேல் மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முன்னுண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்ணும் உணவைப் பற்றியே அவை பேசுகின்றன. இழைமணியை வள்ளுவர் கண்டதில்லை. ஆயினும் மடை அடைத்த அணையில் மழை பெய்யலாகாது என்னும் உண்மையை அவர் உணர்ந்திருந்தார்.

சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. நம் விழா விருந்துகளில் இனிப் பொரித்த எண்ணெயை மறுநாள் பந்திக்கு எடுத்து வைப்பதில்லை என்று இன்றே ஒரு முடிவு செய்யுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அது தீர்மானமாக அச்சேற வேண்டும். பிழைப்புத் தேடி வந்த ஊரில் நம் பெரியவர்கள் கடையை வளர்த்தார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், சங்கத்தையும் எழுப்பினார்கள். தம் உடம்பை மட்டும் கவனிக்காமல் விட்டார்கள். பேரன் பேத்திகளின் மணமேடையைக் காணாமலே போனவர் பலர். அந்த வரிசையில் இன்னொரு பெயர் சேராதிருக்குமானால், இந்தக் கிழ ஆசிரியன் இவ்வளவு நேரம் பேசியதன் பயன் கிடைத்தது என்று மகிழ்வேன்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!